மந்தைக்கல்லில் மூன்று புதுக் கற்கள்

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளை மைதானத்தில் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். நத்தப்பட்டிக்காரர் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தலையில் கட்ட வேண்டிய துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓட்டுகிற பஸ் வழியிலேயே படுத்துவிட்டதாம். மிச்சத் தூரத்தை நடந்து வந்திருக்கிறார்.

"ட்ரில் வாத்தியாரே, டிராயிங் வாத்தியாரு தவறிட்டாக. வெடியக்காலம். மொத ஆளா உங்களுக்குச் சொல்லச் சொன்னாக" என்றார்.

"போய்யா! காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நேற்றுத்தானே சொல்லி அனுப்பினான்!" என்று அவர் மேல் பாய்ந்தேன். செய்தி கொண்டுவந்தவர் என்ன செய்வார்? "எறங்குன மாதிரிதாண்ணே இருந்துச்சு" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அவருடனேயே கிளம்பினேன். பிள்ளைகளைக் கலைந்து போகச் சொல்ல மறந்துவிட்டேன். நெடுநேரம் அப்படியே வெயிலில் நின்றார்களாம், பாவம்.

நம் பள்ளியில் சித்திரம் சொல்லிக்கொடுத்த அழகர்சாமியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வேட்டி ஓரத்தில் எப்போதும் சாக்கட்டித் தூள் ஒட்டியிருக்கும். பேசும்போது காற்றில் விரலால் எதையாவது வரைந்துகொண்டிருப்பார். நம் பள்ளி மலருக்கு அவர் பற்றி எழுதும்படி கேட்டபோது, "தமிழையா இருக்கிறார், என்னிடம் வந்தீர்களே" என்றுதான் முதலில் தட்டிக் கழித்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு.

அவரைப் பற்றி மதுரையில் ஒரு பேச்சு இருக்கிறது. பழங்காலத்துக் கற்கள் நிற்கும் பொட்டலில் புதுக் கல்லைக் கொண்டுபோய் நட்டு, அதையும் பழசு என்று காட்டிப் பெயர் வாங்கப் பார்த்தவர் என்று. 'போலிக்கல் வாத்தியார்' என்று பட்டமும் வைத்தாயிற்று. அவரைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பி வரும் வழியிலேயே, நம்மோடு வந்த ஒருவர், "நல்ல மனுஷர்தான், அந்தக் கல் விஷயத்தில்தான் சறுக்கிவிட்டார்" என்று சொன்னதைக் காதால் கேட்டேன். எனக்கு வந்த கோபத்தில் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருப்பேன். நடந்ததை நான் கூட இருந்து பார்த்தவன். வெளியே சொல்லக்கூடாது என்று அழகர்சாமி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது சொல்லலாம் என்று ஆகிவிட்டது. யார் சொல்லலாம் என்றது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். டி. கல்லுப்பட்டிக்குப் போகிற ரோட்டை விட்டு மேற்கே இறங்கினால் நத்தப்பட்டி, அழகர்சாமியின் ஊர். அதற்கு அடுத்தது என் ஊர். இரண்டுக்கும் நடுவே கரிசலில் ஒரு பெரிய பொட்டல். அதில் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் கற்கள் நிற்கின்றன, ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து, ஒன்று பாதி மண்ணுக்குள். உளி படாத கற்கள். பக்கத்தில் மலையும் இல்லை, பாறையும் இல்லை. யார் கொண்டுவந்தார்கள், எதற்கு நட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவளை விரட்டிய கீதாரியின் மாட்டு மந்தை அப்படியே கல்லாகிப் போனது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதனால் அதற்கு மந்தைக்கல் என்று பெயர். நான் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன். பார்த்தவன் என்று சொல்வதுகூடத் தப்பு. ஆட்டைக் கட்டுவதற்கும் வேட்டியைக் காயப்போடுவதற்கும் தோதான இடம் என்பதற்கு மேல் நான் அதை நினைத்ததே இல்லை.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, சனிக்கிழமைதோறும் சைக்கிளில் ஒன்றாக ஊருக்குப் போவோம். ஒரு சனிக்கிழமை, பொட்டல் பக்கம் திரும்பும் இடத்தில் அழகர்சாமி சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணே, வாங்க. மந்தைக்கல்லைப் பாத்துட்டுப் போவோம்."

"என்னத்தப்பா பாக்குறது? போன வாரம் இருந்த எடத்துலதானே இருக்கும். எந்திரிச்சு சந்தைக்கா போயிருக்கும்?"

"நீங்க வாங்கண்ணே."

போனேன். என்னை ஒரு கல்லுக்கு முன்னால் உட்கார வைத்தார். சுற்றிப் பார்க்கலாம் என்று எழுந்தால் கையைப் பிடித்து இழுத்தார். "ஒரு நாளைக்கு ஒரு கல்லு போதும்ணே. அம்புட்டையும் ஒரே நாள்ல பாத்தா ஒண்ணையும் பாத்ததாகாது." நான் முனகிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கல்லின் அடிப்பக்கத்தில் மாடுகள் உரசி உரசி வழுவழுப்பாகியிருந்தது கண்ணில் பட்டது. அதற்கு மேலே, எந்த மாடும் எட்டாத உயரத்திலும் அதே வழுவழுப்பு. அதை அவரிடம் காட்டினேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் பாஸானவன் போல எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு சனிக்கிழமைகளில் நானே சைக்கிளைத் திருப்பிவிடுவேன்.

நம் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு விடுமுறையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அங்கே வந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். புளியோதரையைப் பிரிக்கும் முன்பே சண்டை பிடித்துக்கொண்டது. போரில் விழுந்த வீரர்களுக்கு நட்ட கல் என்று தமிழையா சொன்னார். வெள்ளம் உருட்டிக்கொண்டுவந்து போட்டது என்று சயன்ஸ் வாத்தியார் சொன்னார். வெள்ளம் எங்கேயாவது கல்லை நிற்க வைத்துவிட்டுப் போகுமா என்று தமிழையா கேட்க, இவர் பதிலுக்கு அவர் குடுமியைப் பற்றி ஏதோ சொல்ல, இலையில் விழுந்த சோறு ஆறிப்போயிற்று. கடைசியில் இருவரும் அழகர்சாமியிடம் வந்து, "நீர் சொல்லும்" என்றார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"இத்தனை வருஷம் பார்த்துவிட்டுத் தெரியாது என்றால்?"

"தெரியலைன்னு சொல்றதுல என்னங்க கூச்சம்? யாரோ பாடுபட்டுத் தூக்கி நிறுத்தியிருக்காக. அது மட்டுந்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

அப்புறம் ஒரு ரோடு காண்டிராக்டர் வந்தான். கரிசலில் ரோடு போடச் சல்லி வேண்டும். சல்லிக்கு மலை வரை வண்டி விடுவதற்குப் பதிலாக நிற்கிற கல்லை உடைத்தால் மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். ஆட்கள் சுத்தியலோடு இறங்கிவிட்டார்கள். தகவல் தெரிந்து நாங்கள் இருவரும் ஓடினோம். அழகர்சாமி போய் ஒரு கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டார். நான் என் பங்குக்கு விசிலை எடுத்து ஓங்கி ஊதி, "நில்!" என்று ஒரு சத்தம் போட்டேன். பழக்க தோஷம். ஆனால் சுத்தியல் நின்றது.

"என்னய்யா, ஒங்க பாட்டன் சொத்தா?" என்று காண்டிராக்டர் கேட்டான்.

"எம் பாட்டன் சொத்தா இருந்தா நானே ஒங்களுக்கு வித்திருப்பேன். இல்லாததுனாலதான் வேணாங்குறேன்" என்றார் அழகர்சாமி.

வாய்ப்பேச்சு கைகலப்பில் முடிந்திருக்கும். அதற்குள் அழகர்சாமியின் மாமனார் பெரியகருப்பன் ஊரைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். தாய்மாமன், மாமனாரும் அவரே. நத்தப்பட்டியில் அவர் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது. கல்லைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை, தங்கச்சி மகனை ஒருவன் 'என்னய்யா' என்று கேட்டதுதான் பொறுக்கவில்லை. காண்டிராக்டரை விரட்டிய கையோடு, அன்றைக்கே ஊர்க்கூட்டம் போட்டு ஒரு கட்டுப்பாடு வைத்தார். மந்தைக்கல்லிலிருந்து எவனும் எதற்கும் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்தவனோடு ஊர் பேச்சுவார்த்தை வைக்காது. அம்மன் கோயில் முன்னால் சூடம் அணைத்து முதல் ஆளாகச் சத்தியம் செய்தவர் அவர்தான். "மாப்ளைக்காகச் செஞ்சது. கல்லு என்னத்துக்கு ஆகும்?" என்று என்னிடம் தனியாகச் சொல்லிச் சிரித்தார்.

பெரியகருப்பன் மகள் பேச்சி, அழகர்சாமியின் மனைவி. நான் வீட்டுக்குள் நுழையும்போதே வாயை ஆரம்பித்துவிடும். "வாங்கண்ணே, மந்தைக்கல்லு சோறு போட்டுச்சா, இல்ல இங்க வந்துதான் திங்கணுமா?" என்று கேட்கும். கேட்டுக்கொண்டே இலையைப் போடும். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் அந்தக் கையால் சாப்பிட்டவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். கலியாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, அந்த வருஷம்தான் உண்டானது. பெரியகருப்பன் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி மகளுக்கு மசக்கை என்று சொன்னார்.

மாசம் நிறைந்து வலி எடுத்தபோது பிள்ளை திரும்பவில்லை. ஊர் மருத்துவச்சி தன்னால் ஆகாது என்று கையை விரித்தாள். வண்டியைப் பூட்டி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். மழை பெய்து ஓய்ந்த கரிசல். சக்கரம் புதைந்து, ஆள் இறங்கித் தள்ளி, மறுபடி புதைந்து, ரோட்டுக்கு ஏறும் முன்பே பேச்சியின் உயிர் போய்விட்டது. வயிற்றுப் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இன்றைக்கும் அந்த வீட்டு வாசலில் நுழையும்போது அந்தக் குரலுக்குக் காது கொடுக்கிறேன். என் கூடப் பிறந்தவள் இருந்தால்கூட அப்படி என்னைக் கேலி செய்திருக்க மாட்டாள்.

இப்படி வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல்லைப் போட்டுச் சுமைதாங்கி வைப்பார்கள். விறகோ புல்லோ சுமந்து வருகிறவர்கள் பிறர் உதவி இல்லாமல் அதில் தலைச்சுமையை இறக்கி மூச்சு விட்டுக்கொள்ளலாம். அவர்கள் சுமை இறங்க இறங்க அவளுடைய சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை. கருமாதிக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். நத்தப்பட்டியைச் சுற்றி நிற்கும் பழைய சுமைதாங்கிகளுக்கெல்லாம் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கரிசலில் வேறு எங்கிருந்து வரும்? எல்லாம் மந்தைக்கல்லிலிருந்துதான்.

ஊர்க்காரர்கள் வந்து அழகர்சாமி முன்னால் நின்றார்கள். "மாப்ள, ஒனக்காகப் போட்ட கட்டுப்பாடு. நீயே அவுத்து விட்டுரு. மூணு கல்லு. அம்புட்டுத்தான்" என்றார் பெரியகருப்பன்.

"வேணாம் மாமா. நான் மலைக்குப் போயி வெட்டிட்டு வாரேன்."

"கல்லு அறுத்து, வண்டி கெடச்சு, இந்தச் சகதியில நீ எப்ப வந்து சேர? எம் மக வயித்துச் சுமையோட நிக்கிறாடா!"

அந்தப் பெரிய மனுஷர் குரல் உடைந்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கும் பொறுக்கவில்லை. "ஏப்பா, மனுஷனா நீ? கல்லு பெருசா, பொண்டாட்டி பெருசா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். கேட்டது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

அழகர்சாமி என்னைப் பார்த்து அழுதார். "அங்க நிக்கிற ஒவ்வொரு கல்லும் இந்த மாதிரி ஒரு அப்பன் அழுதுகிட்டு நட்டதா இருந்தா என்னண்ணே செய்றது? அவன் மக கல்லப் பிடுங்கி எம் பேச்சிக்கு வைக்கவா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் நியாயத்தால் பெரியகருப்பனின் துக்கம் குறையுமா? அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் விடிந்ததும் நானும் அழகர்சாமியும் ஒரு வண்டிக்காரரைச் சரிக்கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனோம். கல் வெட்டுகிறவர்கள் விஷயத்தைக் கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு மூன்று கல்லைப் பிளந்து தந்தார்கள். எந்தப் பக்கம் உளி வைத்தால் நேராகப் பிளக்கும் என்று அவர்கள் தட்டிப் பார்க்கும்போது அழகர்சாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். அவரை ஒரு வாய் கஞ்சி குடிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கேயே தங்கி, அடுத்த நாள் வண்டியோடு கூடவே நடந்து வந்தோம். சகதியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினோம்.

நத்தப்பட்டிக்குத் திரும்பும் இடத்துக்கு வந்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. ரோட்டோரத்தில் சுமைதாங்கி நின்றது. ஈர மண் அடியில் இன்னும் காயவில்லை. இரண்டு மந்தைக்கல், மேலே ஒரு மந்தைக்கல். குறுக்குக் கல்லில் மஞ்சள் பூசி, பூச்சரம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பெரியகருப்பன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஊரார் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். தான் வைத்த கட்டுப்பாட்டைத் தானே முறித்தவர். இனி மருமகன் வாயிலிருந்து என்ன வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லைப் பிடுங்கி எறிந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். கிழவர் கடப்பாரையை விடுகிற மாதிரி இல்லை.

அந்த நேரம் பார்த்து, எங்களைக் கவனிக்காமல் ஒரு அம்மாள் புல்லுக்கட்டோடு வந்தாள். பக்கத்து ஊரில் கூலி வேலை பார்க்கிறவள். புதுச் சுமைதாங்கியைக் கண்டதும் கட்டை அதில் சாய்த்து இறக்கி, "அப்பாடி... எந்தப் புண்ணியவதிக்கோ, நல்லா இருக்கட்டும்" என்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு அவசரமாகப் போய்விட்டாள்.

அழகர்சாமி அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். வண்டிக்காரரிடம், "பொட்டலுக்கு விடுங்க" என்றார்.

மந்தைக்கல்லில் மூன்று குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கொண்டுவந்த கல்லை அங்கே இறக்கினோம். முதல் கல்லைத் தூக்கி நிறுத்த நாங்கள் மூன்று பேர் போதவில்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். பெரியகருப்பன் மட்டும் வரப்பில் நின்றார். இரண்டாவது கல் நின்றது. மூன்றாவது நிற்கும்போது அழகர்சாமி அவர் பக்கம் திரும்பி, சும்மா சாதாரணமாக, "மாமா, நேரா நிக்கிதான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை" என்றார்.

கிழவர் வரப்பில் நின்றபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கெழக்க சாஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் மேக்க தள்ளு" என்றார். பிறகு இறங்கி வந்து தன் காலாலேயே மண்ணை மிதித்து இறுக்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததை ஊர் பார்த்தது. இவ்வளவுதான் நடந்தது. இதில் போலி எங்கே இருக்கிறது, யாரை ஏமாற்ற இருக்கிறது?

இனி மதராஸ்காரர் வந்த கதை. மந்தைக்கல்லை யாரும் கை வைக்க முடியாதபடி சர்க்கார் காபந்தில் சேர்க்க வேண்டும் என்று அழகர்சாமி பல வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சி போன மறுவருஷம், பழம்பொருள் ஆராய்கிற ஒரு பெரியவர் மதராஸிலிருந்து வந்தார். கூடத் தாலுகா ஆபீஸ் ஆள், நம் தலைமையாசிரியர், நான். பொட்டலைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சங்கிலி போட்டு அளந்தார், மண்டியிட்டுப் பார்த்தார், அபூர்வம், அபூர்வம் என்றார். அழகர்சாமி பின்னாலேயே போனார். இத்தனை வருஷ ஆசை கை கூடப்போகிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அந்த மூன்று கல்லுக்கு முன்னால் வந்ததும் பெரியவர் நின்றுவிட்டார். உளி பதிந்த தடத்தை விரலால் தடவினார். முகம் சிவந்துபோயிற்று.

"இது யார் வேலை? இங்கிருந்த கல்லை எடுத்தது யார்? இது குற்றம் என்று தெரியுமா?" என்று கேட்டார். தாலுகா ஆபீஸ் ஆள் அவர் சொல்வதை எழுதிக்கொள்ளப் பென்சிலை எடுத்தார்.

பெரியகருப்பன் எல்லோருக்கும் முன்னால் நின்றிருந்தார். தோளில் கிடந்த துண்டு தானாகக் கக்கத்துக்குப் போயிற்று. யார் முன்னாலும் துண்டை எடுத்தறியாத மனுஷர். "சாமி, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

அழகர்சாமி ஓர் அடி முன்னால் வந்து அவரை மறைத்து நின்றார். "எடுத்ததும் நாந்தானுங்க. நட்டதும் நாந்தானுங்க."

"நீரா? நீர்தானே மனுப் போட்டவர்?"

"ஆமாங்க. எம் பொஞ்சாதிக்குச் சுமைதாங்கி வைக்க எடுத்தேன். ரோட்டோரம் நிக்கிது."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "படித்த மனுஷர் செய்கிற காரியமா இது? இடத்தையே கெடுத்துவிட்டீரே!" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். காபந்து விஷயம் அதோடு நின்றது. அந்தப் பெரியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் தொழிலுக்கு அது தப்புத்தான். ஆனால் காரில் போகும் வழியெல்லாம் அவர் சொன்னதைத் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் நம் ஆசிரியர் அறைக்கு வந்து சேரும்போது அந்தப் பேச்சுக்குக் கைகால் முளைத்திருந்தது.

அன்று சாயங்காலம் அழகர்சாமியை நன்றாகத் திட்டினேன். ஊரே சாட்சி சொல்லியிருக்குமே, உண்மையைச் சொன்னால் என்ன என்றேன்.

"சொன்னா கேஸ் மாமா மேல போகும். போகாட்டியும், இந்த வயசுல அவரு தாலுகா ஆபீஸ் ஆளு முன்னாடி கைகட்டி நிக்கணுமா? மகளுக்குக் கல்லு வச்சதுக்கா? எம் பேரு கெட்டா எனக்கு ஒரு நாளு வருத்தம்ணே. அவரு பேரு கெட்டா அவரு செத்துருவாரு" என்றார். அப்போதுதான் என்னிடம் சத்தியம் வாங்கினார். அவருக்கு ஒரு நாள் வருத்தம் என்பது பொய். ஆசிரியர் அறையில் அந்தப் பட்டப்பெயர் காதில் விழும்போதெல்லாம் அவர் பலகையைத் துடைக்கப் போய்விடுவார். துடைத்த பலகையையே மறுபடி துடைப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நத்தப்பட்டியிலும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

அவர் மறுகலியாணம் செய்துகொள்ளவில்லை. மாமனார் வீட்டிலேயே இருந்து, கண் பார்வை மங்கிவிட்ட அவருக்குப் பிள்ளையாக இருந்தார். சனிக்கிழமைகளில் நாங்கள் பொட்டலுக்குப் போவதும் நிற்கவில்லை. யுத்தம் வந்து சைக்கிள் டயர் கிடைக்காமல் போன பிறகு நடந்து போனோம்.

தகனம் முடிந்து எல்லோரும் குளித்துத் திரும்பிய பிறகு, பெரியகருப்பன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டி என் முகத்தைத் தடவிப் பார்த்து யாரென்று உறுதி செய்துகொண்டார்.

"டவுன்ல அவனுக்கு ஏதோ பட்டப்பேரு வச்சிருக்காங்களாமே? நெசந்தானா?"

யாரோ துக்கத்துக்கு வந்த இடத்தில் அவர் காதில் விழும்படி பேசியிருக்கிறார்கள். நான் என்ன சொல்ல? நிஜம்தான் என்றேன்.

"இத்தன வருசமா ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலையே பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுது ஓய்ந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வாத்தியாரே, கல்லைப் பிடுங்குனவன் நான். அவன் இல்ல. நீங்க போயி எல்லாருக்கும் சொல்லுங்க."

"அவனுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன், பெரியப்பா."

"அவன் என்னையக் காப்பாத்தத்தானே சத்தியம் வாங்குனான்? நான் வேணாங்குறேன். என்னைய இனிமே யாரு என்ன பண்ணப் போறா? சிறையில போட்டா அங்கயும் ஒரு கட்டிலு போடுவான். சொல்லுங்க. எம் பேரச் சொல்லியே சொல்லுங்க."

அவர் சொன்னபடி அவர் பேரைச் சொல்லியே உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் இதை வாசித்தால், ஒரு சனிக்கிழமை என்னோடு மந்தைக்கல்லுக்கு வாருங்கள். சுமைதாங்கியையும் காட்டுகிறேன், புதுக் கல் மூன்றையும் காட்டுகிறேன்.

அழகர்சாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். காலமெல்லாம் ட்ரில் சொல்லிக்கொடுத்தே பிழைத்தவன் நான். 'முன்னால் ஓர் அடி' என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டளை போட்டிருக்கிறேன். எத்தனையோ கால்கள் என் சத்தத்துக்கு முன்னால் வந்திருக்கின்றன. அன்றைக்குப் பொட்டலில், யாரும் சொல்லாமல், அந்தக் கிழவரை மறைத்துக்கொண்டு அவர் எடுத்து வைத்த ஓர் அடியை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு அது தெரியாது.